அடைக்கச் சொன்ன சொல்

கேக்கைப் பார்த்ததுமே எசெல் க்ரவுடருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சபையின் சிஸ்டர் ஸ்டால்வொர்த் வெறுங்கையோடு வந்தால் நலம் விசாரிக்க வந்திருக்கிறாள். இரண்டு துண்டு கொண்டுவந்தால் சின்ன உதவி. அன்றைக்கு முழுக் கேக்கைத் துணி போட்டு மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள்.

"பெருசா எதையோ வெட்டப் போற போல," என்றான் எசெல், இரும்பு வெட்டும் டார்ச்சின் தீயை அணைத்தபடி. "என் கழுத்தையா?"

"உங்க வாயில ஒரு நல்ல வார்த்த வராதா அண்ணே? எலுமிச்ச கேக்."

"அங்க வை. எலி திங்கட்டும்."

மூலையில் மெழுகு உருட்டிக்கொண்டிருந்த யாவ் அம்போன்சா எழுந்து வந்து துணியைத் தூக்கிப் பார்த்தான். "எலிக்கு முன்னாடி நான் இருக்கேன் சிஸ்டர். இந்த ஆளு நல்லது எது கெட்டது எதுன்னு தெரியாத ஆளு."

யாவ் கானாக்காரன். குமாசிப் பக்கம் பரம்பரையாகப் பித்தளை வார்க்கிற குடும்பம். அலபாமாவுக்கு வந்து கிடங்கில் வண்டி ஓட்டுகிறான். வேலையில்லாத நாளெல்லாம் எசெலின் பட்டறை மூலையில் தன் மெழுகும் உலோகம் உருக்கும் மூசையுமாக உட்கார்ந்துவிடுவான். யாவ் என்றால் வியாழக்கிழமை பிறந்தவன் என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எசெல் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"ஏ வியாழக்கெழம, கத்திய எடுத்துட்டு வா. சிஸ்டர் வெட்டுறதுக்கு முன்ன நாம வெட்டிருவோம்."

சிஸ்டர் ஸ்டால்வொர்த் சிரிக்கவில்லை. அவள் கண் கதவின் மேல் இருந்தது.

இடுகாட்டு வாசலுக்கான அந்தக் கதவு இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் மல்லாந்து கிடந்தது. நிலக்கரி வண்டியின் பழைய தகட்டில் செய்தது. ஓரம் முழுக்க இரும்பு ஆட்கள். மண்வெட்டிதான் அவர்களுக்கு மார்பு, சுரங்கக் கோடாலிதான் தோள், விலங்குச் சங்கிலிதான் கால். முகங்களில் மட்டும் நீண்ட நெற்றியும் மூடிய கண்ணும் கழுத்து வளையமும். அவை யாவின் மெழுகுப் பொம்மைகளைப் பார்த்து அடித்த முகங்கள். கேட்டால் எசெல் ஒப்புக்கொள்ள மாட்டான். கனவில் வந்தது என்பான்.

நடுவில் பாட்டு. எழுதியதல்ல, வெட்டியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எசெல். காகிதத்தைக் கண்டால் அவனுக்குப் பாட்டு வராது. டார்ச்சைப் பிடித்தால் வரும். ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்வான், சொன்னதைத் தகட்டில் வெட்டுவான். வாய் முன்னால் போகும், தீ பின்னால் வரும். நாற்பது வருடம் குழாய் ஆலையில் முதலாளிக்காக வெட்டிய கை, இப்போது தனக்காக வெட்டுகிறது. கதவை நிமிர்த்தி வெயிலில் வைத்தால் எழுத்து வழியாக ஒளி வந்து தரையில் விழும்:

*சாலையோரம் சும்மா நின்றான் என் பாட்டன். அதுவே குற்றம்.*
*கோவேறு கழுதையை விடுவதுபோல் வாடகைக்கு விட்டார்கள் அவனை.*
*கழுதை செத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.*
*இவன் செத்ததை மண்ணைக் கேள்.*
*மண்ணே, வாய் திற.*
*கதவே, நீ அதன் நாக்கு.*

"ஹாவர்டி வீட்டுப் பையன் வந்து பாத்துட்டுப் போனான்," என்றாள் சிஸ்டர் ஸ்டால்வொர்த்.

"எப்ப?"

"நீங்க மீன் பிடிக்கப் போயிருந்தப்ப."

"நான் இல்லாதப்ப என் பட்டறையத் தொறந்து காட்டுனது யாரு?"

யாவ் கேக்கை மும்முரமாக மென்றான்.

"நான்தான் காட்டச் சொன்னேன்," என்றாள் அவள். "நெலம் அவங்களோடது அண்ணே. அத மறந்துராதீங்க."

யாரால் மறக்க முடியும்? ரெட் ஹாலோவின் மேட்டில் ஹாவர்டி சுரங்கத்தின் பழைய இடுகாடு. கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. குழி குழியாக அமுங்கிய தரை, மேலே முள்ளுச்செடி. சிறையிலிருந்து அந்தக் காலத்தில் சுரங்கத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டுவந்த கறுப்பர்கள் அங்கே கிடக்கிறார்கள். எசெலின் பாட்டன் லூக்காஸ் க்ரவுடர் அவர்களில் ஒருவன். சபை பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு, ஹாவர்டி குடும்பம் அந்த மேட்டைச் சபைக்கு எழுதித்தருவதாக இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. கதவு மாட்டுகிற அன்று, கதவுக்கு முன்னால் மேசை போட்டுக் கையெழுத்து. இல்லையென்றால் அங்கே கிடங்கு கட்ட ஒருவன் பணத்தோடு நிற்கிறான்.

"பாட்டு நல்லாருக்குன்னுதான் சொன்னான்," என்றாள் அவள். "ஒரே ஒரு சொல்லுதான் உறுத்துதாம்."

"எந்தச் சொல்லு?"

அவள் விரலை நீட்டினாள். தொடவில்லை.

வாடகை.

"'வேலைக்கு அனுப்பினார்கள்'னு போடலாமேங்கறான். வாடகைன்னா அவன் தாத்தா என்னமோ மனுசன வாங்கி..."

"வாங்கலையே. வாங்குனா சோறு போடணும். வாடகைக்கு எடுத்தா செத்தா வேற ஆளு வரும்." எசெல் கையுறையைக் கழற்றி எறிந்தான். "வேலைக்கு அனுப்புனாங்களாம்! டிபன் டப்பா கட்டிக் குடுத்து அனுப்புனாங்களா? சாயங்காலம் வீட்டுக்கு வந்தானா எங்க பாட்டன்?"

"அண்ணே, எனக்குத் தெரியாதா? எங்க பெரிய தாத்தாவும் அங்கதான் கெடக்குறாரு. நான் கேக்குறது ஒன்னுதான். சொல்லா, எலும்பா? ஒரு சொல்லுக்காக அத்தன பேரு மேலயும் கிடங்கு கட்ட விட்டுருவீங்களா?"

 நியாயம் எதிர்ப்பக்கம் இருந்தால் எசெலுக்குக் கோபம் வரும். "அவன் சரியா என்ன சொன்னான்? வார்த்த மாறாமச் சொல்லு."

"'அந்த ஓட்டைகளை அடைச்சிரச் சொல்லு. வேற எதுவும் வேணாம்'னான்."

"அத நீ ஞாயித்துக்கெழம சபையில எல்லார் முன்னாடியும் சொல்லணும். என் காதுல மட்டும் சொல்லிட்டு, நாளைக்கு எசெல் தானாவே பயந்து அடைச்சுட்டான்னு ஊர் பேச விடமாட்டேன். உன் வாயால சொல்லு. அடைக்கிறேன்."

அவள் கேக்கை விட்டுவிட்டுப் போனாள். தட்டை வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

சொன்னபடியே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்புகள் நேரத்தில், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக எழுந்து நின்று, குரல் நடுங்காமல் சொன்னாள். சபையில் சலசலப்பு. ஒரு கிழவி "கர்த்தாவே" என்றாள். அது ஆமென்னும் இல்லை, சாபமும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து எசெல் எழுந்தான்.

"அந்தச் சொல்ல அடைக்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான் அண்ணே."

"ஓட்ட தெரியக்கூடாது."

"தெரியக்கூடாது."

"பாஸ்டர், கேட்டுக்கிட்டீங்களா? எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் அவன் மனதில் திட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. அவளுக்குக் கொஞ்சம் வலிக்கட்டும் என்றுதான் கேட்டான். கதவைத் தூக்கிக்கொண்டுபோய் ஓடையில் தள்ளிவிடலாமா என்றுதான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தான்.

பட்டறையில் யாவ் கெளுத்தி மீன் பொரித்து, தன் ஊர் மிளகாய்ச் சாந்தோடு வைத்திருந்தான். எசெல் தொடவில்லை.

"அடைச்சுக் குடுத்துரு அண்ணே," என்றான் யாவ். "நெலம் கைக்கு வரட்டும். பெறகு ஒரு நாளு திரும்ப வெட்டிக்க."

"திரும்ப வெட்டுறதாம். நாக்க அறுத்துட்டு ஒட்டவெச்சுக்கன்னு சொல்ற."

"அப்பிடியே பித்தளையில ஒரு சின்ன..."

"பித்தள! எத்தன வாட்டி சொல்லிருக்கேன், என் கதவுல பித்தளப் பேச்சே கூடாதுன்னு. பித்தள மெழுகுவத்தித் தண்டுக்கு. பொம்பள காதுக்கு. எங்காளு இரும்புல செத்தான், இரும்புலதான் பேசுவான்."

"எங்க ஊருல பித்தளதான் பேசும்," என்றான் யாவ், ரோஷமாக. "எழுத்தே வேணாம். ஒரு பொம்மைய உள்ளங்கையில வெச்சா ஒரு பழமொழி. சொல்லாமயே சொல்லிப்புடும்."

ஜன்னல் பலகையில் அவனுடைய எடைப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. விரல் கணுவளவு பித்தளை உருவங்கள். முழம் போடும் கிழவன், கேடயம், நிலக்கடலை, ஒரே வயிற்றுக்கு இரண்டு தலை உள்ள முதலை. யாவின் பாட்டனுடைய பாட்டன் காலத்தவை. தராசின் ஒரு தட்டில் இவற்றை வைத்து, மறு தட்டில் தங்கப்பொடியை நிறுப்பார்களாம். ஊரை விட்டு வரும்போது சட்டைகளை விட்டுவிட்டு இவற்றைத்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

எசெல் அந்தப் பலகையைப் பார்த்தான். பார்த்தபோதே சொல்லக்கூடாததைச் சொல்லப்போகிறான் என்று அவனுக்கே தெரிந்தது. சொன்னான்.

"பேசுமா? அப்ப அதுங்களக் கேளு வியாழக்கெழம. அந்தத் தங்கப்பொடி எதுக்கு வெலையா வந்துச்சுன்னு கேளு. துணிக்கா? துப்பாக்கிக்கா? எங்க பாட்டனோட பாட்டனுக்கா? இவனுங்க இங்க வாடகைக்கு விட்டானுங்க. அங்க உங்க ஊருல எங்காளுங்கள மொத்தமா வித்தது யாரு? எட போட்டது யாரு?"

அடுப்பில் எண்ணெய் சடசடத்தது. யாவ் அதை அணைத்தான். பலகையிலிருந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, துணியில் முடிந்தான். வழக்கமாக எந்த ஏச்சுக்கும் இரண்டு ஏச்சாகத் திருப்பிக் கொடுக்கிறவன். அன்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"போ, போ," என்றான் எசெல், வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு. "மீனையும் எடுத்துட்டுப் போ."

மறுநாள் யாவ் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எசெல் வேலையைத் தொடங்கினான். இரும்பை இரும்பால் அடைத்துவிட்டு, உப்புத்தண்ணீர் தெளித்து வைத்தால் இரண்டு நாளில் துரு ஏறி எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அங்கே ஒரு சொல் இருந்ததே தெரியாது. சுலபமான வேலை.

வெல்டிங் குச்சியை மாட்டினான். முகமூடியை இறக்கினான். பழக்கப்படி வாய் வரியைத் தொடங்கியது. கோவேறு கழுதையை விடுவதுபோல்... அங்கே நின்றுவிட்டது. எந்தச் சொல்லைச் சொல்லி அந்தச் சொல்லை அடைப்பது? வாய் போகாத இடத்துக்குக் கை போகாது. முகமூடியைத் தூக்கினான்.

அந்தச் சொல் முதலிலிருந்தே அவனைப் பாடாய்ப் படுத்திய சொல்தான். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு எழுத்து: RENTED. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் மூடிய வயிறு உண்டு. தகட்டில் வெட்டும்போது அந்த வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய பாலம் விடவேண்டும். விடாவிட்டால் சுற்றி வெட்டி முடித்ததும் வயிறு பொத்தென்று விழுந்துவிடும். எழுத்து இருக்காது, பொந்துதான் இருக்கும். டார்ச் பிடித்த முதல் வாரத்தில் பொடியன்கள் செய்கிற பிழை. இந்தச் சொல்லை வெட்டுகையில் பாதியில் வாய் நின்றது, கை நிற்கவில்லை. கடைசி எழுத்தின் வயிறு கால் மேல் விழுந்து பூட்ஸைச் சுட்டது. அந்த இரும்புத் துண்டைத் தூக்கி எறிய மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தான். யாவ் பார்த்துச் சிரித்தான்: "பிள்ளைய வயித்துல சுமக்கலாம். நீ வயித்தையே பையில சுமக்குற."

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அரை நிலா வடிவம். எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் யாவின் வண்டி வந்து நின்றது. இறங்கி, நேராக உள்ளே வந்து, துணி முடிச்சைக் கதவின் மேல் வைத்தான்.

"பதில் கொண்டாந்திருக்கேன்."

"நான் ஒன்னும் கேக்கலையே."

"கேட்ட. எதுக்கு எட போட்டாங்கன்னு கேட்ட. எனக்குத் தெரியாது அண்ணே. எங்கப்பாகிட்ட சின்ன வயசுல கேட்டேன். தங்கம்னாரு. தங்கம் எதுக்குன்னேன். போயி வெளையாடுன்னாரு. ஊருக்கு போன் போட்டு எங்க மாமாகிட்ட கேட்டேன். அவருக்கு எண்பத்தஞ்சு வயசு. அவரும் அதேதான். போயி வெளையாடு." யாவ் முடிச்சை அவிழ்த்தான். "அதான் வெளையாடலாம்னு வந்தேன். அந்தச் சொல்ல அடைக்கணும்ல? இதுங்கள உருக்கி அடை."

எசெல் பொம்மைகளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். மனிதன் எதையாவது சும்மா கொடுத்தால் பின்னால் என்ன கேட்பான் என்று பார்ப்பதுதான் எசெலின் வழக்கம்.

"நாளைக்கு வந்து, எம் பாட்டன் சொத்த இந்தக் கெழவன் கரைச்சுட்டான்னு அழமாட்டியே?"

"அழுவேன். அது எம்பாடு."

"துருப் புடிச்ச இரும்புல பித்தளைய ஊத்துனா எப்பிடித் தெரியும் தெரியுமா உனக்கு?"

"பித்தளக்காரன் நானா நீயா?"

"மைல் தூரத்துக்கு மின்னும்டா."

"ஓட்டைய அடைக்கணும்னுதான அந்தம்மா சொன்னாங்க?" என்றான் யாவ். "எதால அடைக்கணும்னு சொன்னாங்களா?"

 எசெலின் தோள் குலுங்கத் தொடங்கியது. இருமுகிறான் என்று நினைத்து யாவ் தண்ணீர் எடுக்கப் போனான். இருமல் இல்லை. மனைவி செத்ததற்குப் பிறகு எசெல் அப்படிச் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

"சபை மொத்தத்தையும் சாட்சி வெச்சுருக்கேன்டா," என்றான் மூச்சுவாங்க. "எனக்கே தெரியாம வெச்சுருக்கேன்."

கதவைத் தட்டையாகக் கிடத்தி, எழுத்துக்கு அடியில் களிமண்ணும் மணலும் குழைத்து அப்பினார்கள். யாவ் மூசையை அடுப்பில் ஏற்றினான். பொம்மைகள் மட்டும் போதாது. குழாய் ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று கேட்காமல் எடுத்துவந்த பழைய பித்தளை வால்வுகளை எசெல் கொண்டுவந்து போட்டான். "உன் பாட்டன் முதலாளிக்கு எட போட்டான், நான் முதலாளிகிட்ட திருடுனேன். ஒன்னாக் கரையட்டும்." முழம் போடும் கிழவன் உருகினான். கேடயமும் நிலக்கடலையும் போயின. முதலையை யாவ் எடுத்தபோது எசெல் அவன் கையைப் பிடித்தான்.

"இது என்னா சொல்லும்?"

"ஒரே வயிறு, ரெண்டு தல. எந்த வாயி தின்னாலும் ஒரே வயித்துக்குத்தான் போவும். இருந்தாலும் தொண்டையில எறங்குற ருசிக்காக ரெண்டும் அடிச்சுக்கும்."

"அத ஜன்னல்ல வை. நாளைக்குச் சண்ட போட ஆள் வேணும்."

டார்ச்சால் தகட்டைச் சுற்றிச் சூடேற்றினான் எசெல். பாலம் விடாத கடைசி எழுத்தின் நடுவில், பையிலிருந்த அரை நிலாவை வைத்து மணலில் அழுத்தினான். யாவ் குனிந்து எழுத்துகளின் ஓரத்தைத் தடவினான். பல் பல்லாக, அரத்தால் இழைக்காத ஓரம். இழை இழை என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. இழைத்தால் தீ ஓடிய தடம் போய்விடும் என்று எசெல் கேட்டதே இல்லை.

"இழைச்சிருந்தா பித்தள ஆறும்போது சுருங்கி கழண்டு விழுந்துருக்கும்," என்றான் யாவ். "இந்தப் பல்லு கெட்டியாப் புடிச்சுக்கும். நல்லவேள, நீ சோம்பேறி."

"ஊத்துடா வியாழக்கெழம."

ஊற்றினான். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து பட்டறையை நிறைத்தது. புகைக்குள்ளிருந்து எசெலின் குரல், இருமிக்கொண்டே, அந்த வரியைத் தொடங்கி, நிற்காமல் முடித்தது. பிறகு இரண்டு பேரும் வெளியே ஓடிவந்து, துத்தநாகப் புகைக்கு மருந்தென்று ஆலைக்காரர்கள் சொல்கிறபடி, குளிர்ந்த பாலை மடக் மடக்கென்று குடித்தார்கள். யாவின் கண் சிவந்திருந்தது. புகைதான் என்றான். எசெல் நம்பவில்லை. ஆனால் கேட்கவுமில்லை.

அந்த ஞாயிறு மேட்டில் கூட்டம் தாங்கவில்லை. கறுப்புக் கோட்டும் பெரிய தொப்பிகளுமாகச் சபை முழுக்க வந்திருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹாவர்டி வீட்டுப் பையன். பையன் என்றால் ஐம்பது வயதுப் பையன், தும்பை நிறக் கோட்டு. மேசை மேல் பத்திரம், பேனா, பூ. கதவின் மேல் படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தான் எசெல்.

"அடைச்சாச்சுல்ல?" என்று காதோரம் கேட்டாள் சிஸ்டர் ஸ்டால்வொர்த்.

"எறும்பு நொழைய எடம் கெடையாது."

விரிப்பை இழுத்தான்.

துருவேறிய செம்பழுப்புக் கதவு. மற்ற சொற்கள் எல்லாம் அதில் வெற்று ஓட்டைகள். பின்னால் முள்ளுச்செடி தெரிந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் பதினொரு மணி வெயிலை மொத்தமாக வாங்கி, கூட்டத்தின் முகத்தில் அடித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கையைக் கண்ணுக்குக் குடையாகப் பிடித்தார்கள். படிக்கத் தெரியாதவன்கூட அந்தச் சொல்லைத்தான் முதலில் பார்த்திருப்பான். கடைசி எழுத்தின் நடுவே கறுப்பாக ஓர் அரை நிலா.

சிஸ்டர் ஸ்டால்வொர்த் எசெலைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

ஹாவர்டி எழுந்தான். சிரிப்பு மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது நாம பேசிக்கிட்டது இல்லையே."

"என்னா பேசுனீங்க?" என்றான் எசெல். "அடைக்கச் சொன்னீங்க. அடைச்சாச்சு. வந்து வெரல விட்டுப் பாருங்க. ஓட்ட இருந்தா சொல்லுங்க, அதையும் அடைக்கிறேன். பித்தள இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹாவர்டி சிஸ்டர் ஸ்டால்வொர்த்திடம் திரும்பினான். "அம்மா, நீங்க எனக்கு வாக்குக் குடுத்தீங்க."

 பேனா மேசை மேல் கிடந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. அவள் மெல்ல வெள்ளைக் கையுறையைக் கழற்றினாள். என்ன செய்யப்போகிறாள் என்று எசெலுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவளையும் அவன் நம்பியதில்லை. மேட்டின் குழிகளைப் பார்த்தான். சொல்லா எலும்பா என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது.  ஆனாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க அவனால் ஆகவில்லை.

பாட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரியாத காலத்திலிருந்து அந்தச் சபைக்கு ஒரு வழக்கம். ஒருவன் வரியை எடுத்துச் சொல்வான், சபை அதையே இழுத்துப் பாடும். எசெல் தொப்பியைக் கழற்றிவிட்டு, கரகரத்த தொண்டையில் கதவுப் பாட்டின் முதல் வரியை எடுத்துக்கொடுத்தான். அது பாஸ்டர் செய்கிற வேலை. இவன் சபையில் வாய் திறந்து பாடியே பல வருடம். கூட்டம் திகைத்து நின்றது. கிழவிகள் இரண்டு பேர் மட்டும் முனகலாகத் திருப்பினார்கள். அடுத்த வரி. "கோவேறு கழுதையை விடுவதுபோல்..." அங்கே வேண்டுமென்றே நிறுத்தினான்.

 தொலைக்காட்சிக்காரனின் கேமரா மட்டும் ஓடியது.

"வாடகைக்கு," என்றது ஒரு குரல். சிஸ்டர் ஸ்டால்வொர்த். கதவின் அருகே போய், கையுறை கழற்றிய வெறும் உள்ளங்கையை அந்தப் பித்தளை மேல் வைத்துக்கொண்டு, திரும்பவும், இந்தமுறை ராகமாக, "வாடகைக்கு" என்று இழுத்தாள். மேடு முழுக்க அந்தச் சொல் எழுந்தது. கிழவிகளும் பிள்ளைகளும் இழுத்தார்கள். யாவ் எந்த ஊர் ராகத்திலோ ஒரு மாத்திரை பிந்தி இழுத்தான். முடிய வெகுநேரம் பிடித்தது.

"மிஸ்டர் ஹாவர்டி," என்றாள் அவள், பாட்டு அடங்கியதும். "அடைக்கணும்னு நீங்க சொன்ன வார்த்தைய, ஒரு எழுத்து மாறாம சபையில சொன்னவ நான். இவங்க அத்தன பேரும் கேட்டாங்க. வெயில் ஏறுது. கையெழுத்துப் போடுங்க. இல்ல, அந்தக் கேமராவப் பாத்து, எந்தச் சொல்லு உங்களுக்குப் புடிக்கலைன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க."

அவன் கேமராவைப் பார்த்தான். போட்டான். பேனாவைக் கூட எடுத்துக்கொள்ளாமல் காருக்குப் போனான்.

"எலுமிச்ச கேக்குக்கு நன்றி," என்றான் எசெல் அவளிடம்.

"பேசாதீங்க. ஒரு மாசத்துக்கு எங்கிட்ட பேசாதீங்க," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்தாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அந்த வாரமே யாரோ மேட்டுக்குப் போய், அந்தச் சொல்லின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். யார் என்று எசெலுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். யாவ் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவோடு கிளம்பினான். எசெல் விடவில்லை.

"வேணாம். ஞாயித்துக்கெழம வரட்டும்."

ஞாயிறு வந்தது. பூவும் கையுமாக உள்ளே போனவர்கள் ஒவ்வொருவரும், யாரும் சொல்லாமலே, கதவருகே நின்று அந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டுப் போனார்கள். வெளியே வரும்போதும் தேய்த்தார்கள். மோதிரம் போட்டவர்கள் மோதிரத்தால் சுரண்டினார்கள். நடுப்பகலுக்குள் முதல் எழுத்தின் வயிறு மஞ்சளாக எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த ஞாயிறு சொல் முழுக்க வெளியே வந்துவிட்டது, முன்னைவிடப் பளபளப்பாக. மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். மறுபடி தேய்ந்தது.

ஒரு நாள் மேட்டின் கீழே பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக ஒருவன் வண்டியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டான் எசெல். கூலிக்கு வந்தவன். எசெலைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றினான். எசெல் போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"தம்பி, போயி அடி. நல்லா ரெண்டு கோட்டு அடி. உன்னைய அனுப்புனவங்கிட்ட சொல்லு, டப்பா தீந்தா இன்னும் வாங்கச் சொல்லு." தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கறுப்பு பெயிண்ட் ரேகையெல்லாம் ஊறியிருந்தது. "எங்க ஊருல கைக்குப் பஞ்சமில்ல."